தீக்கோபுரத்தில் ஓர் இரவு: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

சியாட்டிலில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மொன்டானா மலை ஒன்றில் காட்டுத்தீ கண்காணிப்புக் கோபுரத்தில் தங்கியதாக எழுதியிருந்தீர்கள். இரண்டே வரி எழுதிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். ஆகஸ்டில் கம்பெனி வேலையாக நானும் அந்தப் பக்கம் போகிறேன். ஒரு வார இறுதியில் தனியாகப் போய்த் தங்க ஆசை. "கரண்டும் இல்லை, தண்ணியும் இல்லை, ராத்திரி முழுக்க அங்கே உட்கார்ந்து என்ன பண்ணுவீங்க?" என்று மனைவி கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சாட்டிலைட்டே தீயைக் கண்டுபிடிக்கும் காலத்தில் கோபுரம் எதற்கு என்றும் தோன்றுகிறது. நம் பெங்களூருக்குப் பக்கத்தில் இப்படித் தங்க இடம் உண்டா?

எஸ்., எலக்ட்ரானிக் சிட்டி

அன்புள்ள எஸ்.,

உங்கள் மனைவி கேட்டதுதான் சரியான கேள்வி. அங்கே செய்ய ஒரே வேலைதான் உண்டு, பார்ப்பது. அந்த அறையே அதற்காகக் கட்டியதுதான். பெரும்பாலும் 14 அடிக்கு 14 அடி இருக்கும். இடுப்புக்கு மேல் நாலு பக்கமும் கண்ணாடி. கட்டில், அடுப்பு எதுவும் கண்ணாடியை மறைக்காத உயரத்தில் இருக்கும். படுத்திருந்தாலும் சமைத்துக்கொண்டிருந்தாலும் மலைகள் கண்ணில் பட்டபடி இருக்க வேண்டும் என்பது கணக்கு. அமைதியாகப் புத்தகம் படிக்கத்தான் ஆசை என்றால் இவ்வளவு தூரம் ஏற வேண்டாம்.

வாடகைக்கு விடும் கோபுரங்கள் சிலவற்றில், புகை எந்தத் திசையில் என்று அளக்கும் ஆஸ்போர்ன் கருவியை அப்படியே வைத்திருக்கிறார்கள். அப்படி ஒன்றாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். அறையின் நடுவே வட்டமான தட்டு, அதன்மேல் அந்த வட்டாரத்தின் வரைபடம், சுற்றிலும் டிகிரி குறித்த வளையம். வளையத்தின் ஒரு பக்கம் சிறு துளை, எதிர்ப்பக்கம் குதிரைமயிர் கட்டிய சட்டம். தூரத்தில் புகை தெரிந்தால் துளையில் கண்ணை வைத்து, அந்த மயிர் புகையின் அடியில் வந்து நிற்கும்வரை வளையத்தைத் திருப்ப வேண்டும். டிகிரியைப் படித்து ரேடியோவில் சொல்ல வேண்டும். வேறொரு மலையில் இருக்கும் கோபுரமும் அதே புகைக்குத் தன் டிகிரியைச் சொன்னால், இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் தீ. நூறு வருஷத்துக்கு முந்தைய ஏற்பாடு. இன்றும் பிசகாது.

நாங்கள் தங்கிய அறையில் ஒரு சின்ன ஸ்டூலும் இருந்தது. நாலு காலின் அடியிலும் தடித்த கண்ணாடிக் குமிழ் மாட்டியிருந்தார்கள், மின்சாரம் பாயாமல் இருக்க. மலையுச்சியில் இடி இறங்குவது அந்தக் கோபுரத்தின் மேல்தான். அப்போது காவலர் அடுப்பையும் ரேடியோவையும் விட்டு விலகி அந்த ஸ்டூலில் ஏறிக்கொள்வார். ஏறிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ள முடியாது. எந்தெந்தச் சரிவில் மின்னல் இறங்கியது என்று குறித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் அடிபட்ட மரம் உள்ளுக்குள்ளேயே கனன்று, சில நாள் கழித்துக்கூடப் புகையும். சாட்டிலைட்டைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் தகவலை வைத்துத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. மிகவும் பயனுள்ள ஏற்பாடு. ஆனால் அதில் ஒரு புள்ளி என்பது தரையில் 375 மீட்டருக்கு 375 மீட்டர். அந்தக் கோள் ஒரே இடத்தை நாளுக்குச் சில முறைதான் கடக்கும். மேகம் மூடினால் தெரியாது. ஒற்றை மரத்தில் கசியும் புகையைக் காண மனிதக் கண் வேண்டும்.

எங்களுக்குத் தலைக்கு மேல் இடி விழவில்லை. தென்மேற்கே தூரத்தில் மின்னியது. லாந்தர் எரியும்போது நாலு கண்ணாடியிலும் எங்கள் முகம்தான் தெரிந்தது, அதனால் அணைத்துவிட்டோம். நான் திசையைச் சொல்ல, மகள் டார்ச்சை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நோட்டில் எழுதினாள். விடிந்து பார்த்தால் பள்ளத்தாக்கில் ஏழெட்டு இடத்தில் வெள்ளையாக எழும்பிக்கொண்டிருந்தது. நெஞ்சு பதைத்தது. ஒவ்வொன்றையும் துளை வழியே பார்த்தோம். மூடுபனி என்றால் அடி நகர்ந்துகொண்டே போகும், கொஞ்ச நேரத்தில் கரையும். புகையின் அடி ஒரே இடத்தில் நிற்கும். எல்லாமே பனிதான். அதைத் தீர்மானிக்க வெயில் ஏறும்வரை ஆயிற்று, காப்பிகூடப் போடவில்லை. அதனால்தான் சொல்கிறேன், தனியாகப் போக வேண்டாம். இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கு இரண்டு திசை.

மற்றபடி, குடிக்கும் தண்ணீரிலிருந்து எல்லாம் நீங்கள்தான் சுமந்து ஏற வேண்டும். ஆகஸ்டிலும் ராத்திரி ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. பதிவு ஆறு மாதம் முன்பே திறந்துவிடும் என்பதால் யாராவது ரத்து செய்தால்தான் கிடைக்கும், தினமும் பாருங்கள். பக்கத்தில் தீ இருந்தால் மூடிவிடுவார்கள், வருத்தப்படாதீர்கள்.

அந்தக் கோபுரங்கள் எதனால் வந்தன என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். 1910 ஆகஸ்டில் இரண்டே நாளில் ஐடஹோ, மொன்டானா, வாஷிங்டன் மாநிலங்களில் சுமார் 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தது. 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் தீயணைக்கப் போனவர்கள். அதன்பின் எந்தத் தீயையும் விடக் கூடாது என்பதே கொள்கை ஆயிற்று. 1935-இல் எந்தத் தீயையும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அடக்க வேண்டும் என்று விதியே போட்டார்கள். அணைத்து அணைத்து, சிறு தீயில் எரிந்து தீர வேண்டிய சருகும் புதரும் சேர்ந்துபோயின. 1970-களில்தான் அந்த விதியைக் கைவிட்டார்கள்.

இதே கதை நமக்குப் பக்கத்திலும் நடந்தது. கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன மலையில், அங்கே வாழும் பழங்குடியினரான சோலிகர்கள் கோடை முற்றுவதற்கு முன்பே சருகுக்குத் தீ வைப்பார்கள். முழங்கால் உயரம்கூட எழாத தீ. 1974-இல் அந்த மலை சரணாலயமானது, சருகுத்தீ நின்றுபோனது. உண்ணிச்செடி (லான்டானா) காடு முழுக்க மண்டியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று சோலிகப் பெரியவர்கள் சொல்வதை, நம் ஊரிலேயே இருக்கும் ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தவர் பதிவு செய்திருக்கிறார்கள். காய்ந்த உண்ணிப்புதரில் தீ பிடித்தால் ஆள் உயரத்துக்கு மேல் எழும், மரத்தையும் பிடிக்கும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் எரிந்தபோது அணைக்கப் போனவர்களுக்கு இந்தப் புதர்தான் பெரும் பகையாக இருந்தது.

பெங்களூருக்குப் பக்கத்தில் கேட்டீர்கள். நம் காடுகளின் கோபுரங்கள் வாடகைக்கு அல்ல. யானைக்கு அஞ்சி அகழி வெட்டிய முகாம்களில் தங்கி, தினக்கூலிக்கு வேலை செய்யும் தீக்காவலர்களின் இடம் அது. பிப்ரவரியிலிருந்து மழை வரும்வரை யாரைப் பிடித்தாவது அனுமதி வாங்கி ஏறலாம் என்று நினைக்கவே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்களைத் தீயில் இழந்திருக்கிறோம்.

மழைக்குப் பின் நவம்பர், டிசம்பரில் பிளிகிரிரங்கன மலைக்குப் போங்கள். வனத்துறை அனுமதிக்கும் இடத்தில், சோலிகர் ஒருவரை வழிகாட்டியாக அழைத்துக்கொண்டு நடங்கள். தமிழும் கன்னடமும் தெரிந்த உங்களுக்கு அவர்கள் பேச்சு பாதிக்கு மேல் புரியும். எந்தச் சரிவில் முன்பு எப்போது தீ வைப்பார்கள், எங்கே வைக்கவே மாட்டார்கள் என்று கேளுங்கள். கையைக் காட்டிச் சொல்வார்கள்.