தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பினால் ‘கிடைக்கவில்லை’ என்று ஆகிவிடுமா?

கேள்வி: ஈரோட்டில் வாடகைக் கட்டிடத்தில் ஜவுளிக்கடை நடத்துகிறேன். ஐந்து வருட ஒப்பந்தம், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தது, செப்டம்பர் 30-ல் முடிகிறது. இன்னும் ஐந்து வருடம் நீட்டிக்க எனக்கு உரிமை உண்டு. ஆனால் அதை ‘பதிவுத் தபாலில் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், ஜூன் 30-க்குள் உரிமையாளருக்குக் கிடைத்திருக்க வேண்டும்’ என்று ஒப்பந்தம் சொல்கிறது. ஜூன் 23-ல் அனுப்பினேன். ஜூலை 5-ல் ‘அன்கிளெய்ம்டு’ (யாரும் வந்து வாங்கவில்லை) என்று எழுதி கவர் திரும்பி வந்துவிட்டது. ஜூன் 24-ல் அதே கடிதத்தை வாட்ஸ்அப்பிலும் போட்டேன், நீல டிக் விழுந்தது. இப்போது ‘எனக்கு எதுவும் கிடைக்கவில்லை, கடையைக் காலி செய்’ என்கிறார். அவர் ஒரு வருடமாக மகன் வீட்டில் இருக்கிறார், நான் ஒப்பந்தத்தில் உள்ள பழைய முகவரிக்குத்தான் அனுப்பினேன். ஜூன் 27-ல் ஒரு வாய்ஸ் மெசேஜ் மட்டும் அனுப்பியிருந்தார்: ‘லெட்டர் பாத்தேன் தம்பி, ஊர்ல இல்ல, வந்து பேசிக்கலாம்.’ நான் என்ன செய்வது சார்?

பதில்: நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிற அந்த வாய்ஸ் மெசேஜ்தான் உங்கள் வழக்கில் முக்கால்வாசி. அதை அழித்துவிடாதீர்கள், அந்த போனையும் மாற்றாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருக்கமாட்டார், அதனால் முழுவதையும் பார்த்துவிடுவோம்.

பலரும் நினைப்பது, தபால் போட்டாலே போதும் என்று. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் அதற்கு ஆதாரமும் உண்டு. ஒருவர் முன்மொழிந்ததை (இங்கே, உரிமையாளர் தந்த நீட்டிப்பு உரிமையை) ஏற்றுக்கொண்டு நீங்கள் கடிதம் எழுதி, அது உங்கள் கையை விட்டுத் தபாலில் போய்விட்டால், முன்மொழிந்தவரை அது அப்போதே கட்டுப்படுத்திவிடும். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து ‘கிடைத்திருக்க வேண்டும்’ என்று எழுதி வைத்த பிறகு இந்த விதியைப் பிடித்துக்கொண்டு தொங்க முடியாது. 1973-ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஹோல்வெல் செக்யூரிட்டீஸ் வழக்கில் இதைத்தான் சொன்னது. சொத்தை வாங்கும் உரிமையைப் பயன்படுத்தி அனுப்பிய கடிதம் தபாலில் தொலைந்துபோனது. ஒப்பந்தம் உரிமையாளருக்கு எழுத்து மூலம் அறிவிப்பு தரவேண்டும் என்று கேட்டிருந்ததால், அனுப்பியது மட்டும் போதாது, போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று முடிவானது. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது, ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்துக் காட்டலாம்.

இன்னொன்றும் உங்களுக்கு எதிராக நிற்கும். நீட்டிக்கும் உரிமைக்குக் கெடு என்றால் கெடுதான். 1968-ல் உச்ச நீதிமன்றம் கால்டெக்ஸ் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது, குத்தகையைப் புதுப்பிக்கும் விருப்பத்தைக் காலத்துக்குள் தெரிவிக்காதவருக்குச் சாதாரணமாக நீதிமன்றம் இரக்கம் காட்டாது. ஆகவே ‘அஞ்சாறு நாள்தானே தாமதம்’ என்ற வாதம் ஓடாது. ஜூன் 30-க்குள் கிடைத்ததா என்பது ஒன்றுதான் கேள்வி.

சரி, கிடைத்ததா?

திரும்பி வந்த கவரைப் பாருங்கள். பிரிக்காதீர்கள், அப்படியே வையுங்கள், அதை நீதிமன்றத்தில்தான் பிரிக்க வேண்டும். கவரின் முகப்பில் தபால்காரர் பேனாவால் கிறுக்கியிருப்பார்: கதவு பூட்டியிருந்தது, இன்டிமேஷன் கொடுத்தாயிற்று என்று ஆங்கிலச் சுருக்கெழுத்தில், பக்கத்தில் தேதி. அந்தத் தேதி உங்களுக்கு ‘அன்கிளெய்ம்டு’ என்ற முத்திரையை விட முக்கியம். ஆள் இல்லாதபோது தகவல் சீட்டு போட்டுவிட்டு, தபால் நிலையத்தில் ஏழு நாள் வைத்திருந்து, யாரும் வந்து வாங்காவிட்டால்தான் திருப்பி அனுப்புவார்கள். ஜூலை 5-ல் உங்களிடம் வந்துசேர்ந்திருக்கிறது என்றால், தபால்காரர் ஜூன் 25 அல்லது 26 வாக்கில் அந்த வீட்டு வாசலில் நின்றிருக்க வேண்டும்.

இங்கேதான் எதிர்த்தரப்பு ஒரு கேள்வி போடும். ‘ஏழு நாள் அவகாசம் இருந்தது, கடைசி நாள் போய் வாங்கியிருந்தாலும் ஜூலை பிறந்திருக்கும், அப்படியென்றால் கெடு தாண்டிவிட்டதே’ என்பார்கள். புத்திசாலித்தனமான வாதம்தான், ஆனால் நிற்காது என்பது என் கருத்து. தபால் வழக்கமான போக்கில் எந்த நாளில் கையில் சேர்ந்திருக்குமோ அந்த நாள்தான் கணக்கு. பொது உட்கூறுகள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு இதை நேராகவே சொல்கிறது: சரியான முகவரி, முன்கூட்டி ஒட்டிய கட்டணம், பதிவுத் தபால், இந்த மூன்றும் இருந்தால் வழக்கமாகச் சேரவேண்டிய நேரத்தில் சேர்ந்ததாகவே கொள்ளவேண்டும். ஆனால் ஒரு கொக்கி இருக்கிறது. அந்தப் பிரிவு, ஒரு மத்தியச் சட்டம் தபாலில் அனுப்பச் சொல்கிற அல்லது அனுமதிக்கிற ஆவணத்துக்குத்தான், காசோலை பணமில்லாமல் திரும்பினால் அனுப்பும் நோட்டீஸ் மாதிரி. உங்கள் அறிவிப்பைக் கேட்பது ஒப்பந்தம், சட்டம் அல்ல. நம்மூர் நோட்டீஸ்களில் எதற்கெடுத்தாலும் 27-ஐப் போட்டுவிடுகிறார்கள், அதை நான் பலமுறை பார்த்துச் சலித்திருக்கிறேன். உங்களுக்கு உதவுவது சாட்சியச் சட்டத்தின் அனுமானம்: பழைய சட்டத்தில் 114, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 119. அலுவல்கள் வழக்கமான போக்கில் நடந்தன என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர், வாடகைதாரர் விவகாரத்திலேயே 1981-ல் உச்ச நீதிமன்றம் ஹர்சரண் சிங் வழக்கில், பதிவுத் தபாலை வாங்க மறுத்தவருக்கு அது சேர்ந்தது மட்டுமல்ல, உள்ளே என்ன இருந்தது என்பதும் தெரியும் என்றே அனுமானிக்கலாம் என்றது.

அனுமானம் என்பது உடைக்கக்கூடியது, அதை மறக்காதீர்கள். தபால்காரரைக் கூண்டில் ஏற்றி ‘நான் போகவே இல்லை’ என்று சொல்ல வைத்தால் உடையும். முகவரி தவறு என்று காட்டினாலும் உடையும், உங்கள் பலவீனம் அங்கேதான். அவர் மகன் வீட்டில் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒப்பந்தத்தில் உள்ள முகவரியை அவர் எழுத்து மூலம் மாற்றாத வரை அதற்கு அனுப்பியது சரி என்று நாம் வாதிடுவோம், வலுவான வாதமும்கூட. கவரில் ‘லெஃப்ட்’ (வீட்டை விட்டுப் போய்விட்டார்) என்று இருந்திருந்தால் எனக்குக் கவலை வந்திருக்கும். ‘அன்கிளெய்ம்டு’ என்றால் ஆள் அங்கேதான் இருக்கிறார், வந்து வாங்கவில்லை என்று தபால்காரர் சொல்வதாக அர்த்தம். என்றாலும் மகன் வீட்டுக்கும் ஒரு கவர் போட்டிருக்கலாம், செலவு பெரிதில்லை.

இப்போது வாட்ஸ்அப். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவுகளை இந்த இடத்துக்குத்தான் அனுப்பவேண்டும் என்று பெறுபவர் குறிப்பிட்டிருந்தால் அங்கே நுழைந்ததும், அப்படி எதையும் குறிப்பிடவில்லை என்றால் அவருடைய எந்தக் கணினி அமைப்பில் நுழைந்தாலும் அந்த நேரத்தில், ‘பெறப்பட்டது’ ஆகிவிடும். இரண்டு சாம்பல் டிக்கே இதற்குப் போதும் என்று வாதிடலாம், உங்களுக்கு நீல டிக்கே இருக்கிறது. 2018-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் வாட்ஸ்அப்பில் அனுப்பி, திறந்து பார்த்ததாகத் தெரிந்த நோட்டீஸைச் சேர்ப்பித்ததாக ஏற்றுக்கொண்டது. ஆனால் உங்கள் ஒப்பந்தம் ‘பதிவுத் தபாலில்’ என்கிறதே என்பார்கள். அதற்கு ஒப்பந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு இருக்கிறது. சொன்ன வழியில் ஏற்பு வராவிட்டால், முன்மொழிந்தவர் நியாயமான நேரத்துக்குள் ‘நான் கேட்ட முறையில் அனுப்பு’ என்று வற்புறுத்த வேண்டும், வற்புறுத்தாமல் விட்டால் வந்த விதத்திலேயே ஏற்றுக்கொண்டதாக ஆகும்.

ஜூன் 27-ல் அவர் வற்புறுத்தினாரா? ‘லெட்டர் பாத்தேன் தம்பி’ என்றார். பார்த்தேன் என்பதை அவர் வாயாலேயே, கெடுவுக்கு மூன்று நாள் முன்னால் சொல்லிவிட்டார். ‘தபாலில் அனுப்பு’ என்று சொல்லவில்லை. அதே மெசேஜில் ‘ஊர்ல இல்ல’ என்றும் இருக்கிறது, அதை வைத்துத்தான் தபாலை வாங்க முடியவில்லை என்று சொல்லப்போகிறார். சொல்லட்டும். அந்தச் சாக்கைச் சொல்ல அவர் அதே மெசேஜைத்தான் நீதிமன்றத்தில் காட்டவேண்டும், காட்டினால் முதல் வாக்கியமும் கூடவே வரும்.

இனி செய்யவேண்டியது. வாய்ஸ் மெசேஜை அந்த போனிலேயே வைத்து, ஒரு பிரதி எடுத்து, மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்யத் தயாராக்குங்கள். அது இல்லாமல் ஸ்கிரீன்ஷாட் அச்செடுத்துக்கொண்டு வந்து நிற்காதீர்கள். தபால் அலுவலக ரசீதையும், ட்ராக்கிங் பக்கத்தின் அச்சையும் இன்றே எடுத்துவிடுங்கள், அந்தப் பக்கம் இணையத்தில் வெகுநாள் இருக்காது. ஜூன் 24, ஜூன் 27, கவரில் தபால்காரர் எழுதிய தேதி, இவற்றைத் தெளிவாகக் குறிப்பிட்டு, நீட்டிப்பு அமலாகிவிட்டது என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள், இரண்டு முகவரிக்கும். 2025-ல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள், அதனால் கவுன்ட்டரில் ஸ்பீட் போஸ்ட்டோடு பதிவையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

வாடகையை வங்கி வழியாகத் தவறாமல் கட்டுங்கள், திருப்பி அனுப்பினால் அந்த விவரத்தையும் குறித்து வையுங்கள். கடைச் சாவியைக் கொடுக்காதீர்கள். அப்புறம், அவர் ‘சரி, பழசை விடு, பதினோரு மாசத்துக்குப் புதுசா எழுதிக்கலாம்’ என்று சமாதானமாக வருவார். பாதி வழக்குகள் இப்படித்தான் கெட்டுப்போகின்றன. புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் பழையது அங்கேயே முடிந்தது, ஒப்பந்தச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு. அதன் பிறகு ஜூன் 27 வாய்ஸ் மெசேஜை வைத்து நான்கூட எதுவும் செய்ய முடியாது.