கேளுங்கள், சொல்கிறேன்: வார்டுக்குள் கலகம்

கேள்வி: மனநல மருத்துவமனையில் நோயாளிகள் ஒன்றுசேர்ந்து நர்சை எதிர்ப்பதாகப் படங்களில் காட்டுகிறார்கள். நிஜத்தில் அப்படி நடக்குமா? நீங்கள் வார்டில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன்.

பதில்: நடக்கும், ஆனால் இவ்வளவு சத்தமாக நடக்காது. வார்டில் சண்டை வருவதெல்லாம் சின்ன விஷயத்துக்குத்தான். விளக்கை எப்போது அணைப்பது, டிவியில் எந்தச் சேனல், குளியலறைக் கதவில் ஏன் தாழ்ப்பாள் இல்லை. உங்கள் பெல்ட்டையும் செல்போனையும் வாங்கி வைத்துக்கொண்டு, எதற்கெடுத்தாலும் அனுமதி கேட்க வைத்தால் அது சின்ன விஷயமாகத் தெரியாது. மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போவார்கள். சிலர் அதில் கில்லாடிகள். நாங்களும் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்போம்!

வெளியே ஒருவர் எதிர்த்துப் பேசினால் கோபம் என்போம். வார்டுக்குள் பேசினால் கேஸ் ஷீட்டில் அறிகுறியாக ஏறிவிடும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் எலிசபெத் பாக்கார்டு என்ற பெண்ணை 1860இல் அவருடைய கணவரே மனநலக் காப்பகத்தில் சேர்த்தார். கணவர் பாதிரியார், மத விஷயத்தில் மனைவி அவரோடு ஒத்துப்போகவில்லை. அன்றைய சட்டப்படி, மனைவியைச் சேர்ப்பதற்கு விசாரணைகூடத் தேவையில்லை. மூன்று வருடம் உள்ளே இருந்தார். பார்த்ததையெல்லாம் ரகசியமாக எழுதி ஒளித்து வைத்தார். 1864இல் வழக்கு நடந்தபோது, அவர் தெளிவாகத்தான் இருக்கிறார் என்று சொல்ல ஜூரிகளுக்கு 7 நிமிடம் போதுமாக இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த கலகத்தை ஆரம்பித்தவர் ஒரு டாக்டர். 1961இல் இத்தாலியின் கொரிட்சியா ஊர் மனநல மருத்துவமனைக்கு இயக்குநராக வந்தார் ஃபிராங்கோ பசாலியா. இரவில் எந்தெந்த நோயாளிகளைக் கட்டிப்போட்டார்கள் என்ற பதிவேட்டைத் தலைமை நர்ஸ் கையெழுத்துக்கு நீட்டினார். பசாலியா போட மறுத்துவிட்டார். அப்புறம் கட்டுகள் போயின, பூட்டுகள் திறந்தன, நோயாளிகளும் ஊழியர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் கூட்டங்கள் வந்தன.

பின்னாளில் அவர் ட்ரியெஸ்டே மருத்துவமனைக்குப் போனார். அங்கே துணி வண்டியை இழுத்த மார்க்கோ என்ற குதிரைக்கு வயதாகிவிட்டது, கசாப்புக்கு அனுப்புவதாக இருந்தார்கள். 1972இல் நோயாளிகள், குதிரையே எழுதுவதுபோல மாகாணத் தலைவருக்கு ஒரு கடிதம் போட்டார்கள். குதிரை பிழைத்தது! அடுத்த வருடம் அதே பெயரில் பெரிய நீலக் குதிரை பொம்மை ஒன்றைச் செய்து ஊருக்குள் ஊர்வலம் போனார்கள். பொம்மை வாசலில் நுழையாததால் வாசலையே உடைக்க வேண்டியிருந்தது. 1978இல் இத்தாலி, மனநலக் காப்பகங்களைப் படிப்படியாக மூடச் சட்டம் போட்டது.

கேள்வி: அப்படியானால் வார்டில் விதிகளே வேண்டாம் என்கிறீர்களா?

பதில்: வேண்டும். சாகத் துடிக்கிற ஒருவர் பக்கத்துக் கட்டிலில் இருக்கும்போது பெல்ட்டை வாங்கி வைக்கத்தான் வேண்டும். ஆனால் "ஏன்?" என்று நோயாளி கேட்டால் நர்சிடம் பதில் இருக்க வேண்டும். "இங்கே அப்படித்தான்" என்பதைப் பதிலில் சேர்க்கமாட்டேன்.

கேள்வி: என் அண்ணன் வார்டில் இருக்கிறார். மாத்திரையை மறுக்கிறார், ஒரு இடத்தில் உட்காரமாட்டேன் என்கிறார். "ஒத்துழைப்பதில்லை" என்று எழுதிவிட்டார்கள். நான் என்ன செய்ய?

பதில்: முதலில் அண்ணனிடமே கேளுங்கள். உட்காரப் பிடிக்கவில்லையா, உட்காரவே முடியவில்லையா? இரண்டும் வேறு வேறு. ஹாலோபெரிடால் மாதிரி மருந்துகளால் சிலருக்குக் கால் தரிக்காது. உள்ளுக்குள் ஒரு பரபரப்பு, நின்றாலும் நடந்தாலும் அடங்காது. பார்ப்பவர்களுக்கு நோய் முற்றியதுபோலத் தெரியும். சில நேரம் அதே மருந்தின் அளவைக் கூட்டிவிடுவார்கள், தொல்லையும் கூடும். எப்போது ஆரம்பித்தது, எந்த மருந்துக்குப் பிறகு என்று குறித்துக்கொண்டு, டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது, "இது மருந்தின் பக்க விளைவாக இருக்குமா?" என்று நேராகக் கேளுங்கள். இருந்தால் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், தவிப்பு அடங்கத் தனி மாத்திரையும் தரலாம். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். கேட்கும்போது அண்ணனும் பக்கத்தில் இருக்கட்டும். அவர் சொல்வதையும் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.