பாட்டியின் வாயை அடைக்காதீர்கள்

அன்புள்ள அண்ணா,

நாங்கள் மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறோம். மகனுக்கு இரண்டு வயது நான்கு மாதம். அம்மா, பாட்டி, தண்ணி, லோரி, ‘நாக்’ (மலாயில் ‘வேண்டும்’), ‘நோ’ என்று ஏறக்குறைய முப்பது வார்த்தை சொல்கிறான். எப்போதாவது ‘பாட்டி வா’ என்பான். நாத்தனார் மகள் இவனைவிடச் சின்னவள், முழு வாக்கியமாகப் பேசுகிறாள். மூன்று மொழி கேட்டுப் பிள்ளை குழம்பியிருக்கிறான், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று ஒரு பாலர் பள்ளி ஆசிரியை சொன்னார். கணவருக்கும் அது சரியாகப் பட்டது. மூன்று மாதமாக அப்படித்தான் பேசுகிறோம். நான் வேலைக்குப் போனபின் பகலில் மகனைப் பார்த்துக்கொள்ளும் மாமியாருக்கு ஆங்கிலம் வராது, மலாய் கலந்த தமிழ்தான் பேசுவார். அவரிடமும் சொல்லிவிட்டதால், அவர் இப்போது இவனோடு அதிகம் பேசுவதில்லை. தமிழ் மறந்துவிடக் கூடாது என்று கைப்பேசியில் தமிழ்ப் பாட்டுப் போட்டுக் காட்டுகிறேன். ஆனால் முன்பு இருந்த பேச்சும் குறைந்ததுபோல் தெரிகிறது. பிள்ளை தப்பாகச் சொன்னால் உடனே திருத்த வேண்டுமா? பெரியவர்கள் ‘மம்மு’, ‘தாச்சி’ என்று கொஞ்சிப் பேசுவது கெடுதலா? நாங்கள் செய்வது சரிதானா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தங்கச்சி,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வாரமே கிளினிக் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். பிள்ளையின் காதைச் சோதிக்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானே என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். சளி பிடித்து நடுக்காதில் நீர் தேங்கிய பிள்ளைக்குப் பாதிச் சத்தம் கேட்கும், பாதி கேட்காது. இரண்டு வயதில் ஐம்பது வார்த்தையாவது இருக்கும், இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்லும் என்பது பொதுவாக டாக்டர்கள் பார்க்கிற கணக்கு. அதில் தமிழ், மலாய், ஆங்கிலம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். அவனுடைய ‘நாக்’கும் ஒரு வார்த்தைதான். சேர்த்து எண்ணியும் குறைவாக இருக்கிறது, இருந்த பேச்சும் குறைகிறது என்கிறீர்கள். அதை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள், தள்ளிப்போடாதீர்கள். நாத்தனார் மகளை விட்டுவிடுங்கள். அவளைப் பார்த்துப் பார்த்து உங்கள் தூக்கம்தான் கெடும்.

கொஞ்சிப் பேசுவதில் கெடுதல் ஒன்றும் இல்லை. குரலை உயர்த்தி, இழுத்து, நிறுத்திப் பேசுகிற பேச்சைத்தான் கைக்குழந்தைகள் விரும்பிக் கேட்கின்றன. ‘மம்மு’ சொன்ன பிள்ளை எதுவும் பெரியவனாகி ‘மம்மு’ கேட்டுக் கடைக்குப் போனதில்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். “அவர் இப்போது இவனோடு அதிகம் பேசுவதில்லை.” உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது இந்த வரிதான். நீங்கள் இதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. கொஞ்ச நாளாகவே இதைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நம் தாமான் வீடுகளில் பகல் முழுக்க ஒரு பாட்டியும் ஒரு பிள்ளையும் ஒரே கூடத்தில் இருக்கிறார்கள். இருவரும் பேசுவதில்லை. நடுவில் கைப்பேசி மட்டும் பாடிக்கொண்டிருக்கிறது.

என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் ஆயாவாக இருந்தவர். முழங்கால் போய், மரம் வெட்டிப் பால் எடுக்க முடியாமல் ஆனதும் அவரை ஆயாக் கொட்டகைக்கு மாற்றினார்கள். உங்கள் வயதுக்காரர்களுக்கு அந்தப் பெயரே தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். விடிவதற்கு முன்னால் பெரட்டு, அதாவது வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. பெரட்டுக்கு ஓடுகிற பெண்கள், தூங்குகிற பிள்ளையைத் துணியில் சுற்றி இருட்டோடு கொண்டுவந்து கொட்டகையில் விட்டுப் போவார்கள். வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துப் போட்டுவிட்டு அம்மாக்கள் திரும்புவதற்குள் மதியமாகிவிடும். அதுவரை அத்தனை பிள்ளைகளுக்கும் ஆயாதான்.

அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். ஈ மொய்த்த பால் டின்னையும், மூக்கு ஒழுகிக் காய்ச்சலோடு கிடந்த பிள்ளைகளையும் பார்த்தவன் நான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கொட்டகையில் பேச்சு நின்று நான் பார்த்ததில்லை.

பாட்டி நிலைப்படியில் உட்கார்ந்திருப்பார். மடியில் ஒரு கைக்குழந்தை, முகம் சாலையைப் பார்த்து. செம்மண் சாலையில், வேலையை மேற்பார்க்கிற தண்டல் சைக்கிளில் வருவார். “யாரு வர்றா? தண்டலா?” என்பார் பாட்டி. கேட்டுவிட்டு நிறுத்துவார். குழந்தை கையை ஆட்டி ‘ஆ’ என்னும். “ஆமா, தண்டல்தான். பெரிய மீச வச்சிருக்காரு. நம்மளத் திட்டுவாரா?” மறுபடி நிறுத்துவார். குழந்தை எச்சில் வடித்துக்கொண்டு ஏதோ சொல்லும். “அப்படியா சொன்ன? நீ திட்டிருவியா அவர?” தண்டல் கிட்டே வந்ததும் பாட்டி குரலை மாற்றி, குழந்தையாகவே பேசுவார்: “தாத்தா, எனக்கு பிஸ்கட்டு வாங்கிட்டு வரல?” தண்டல் சிரித்துவிட்டுக் குழந்தைக்குத்தான் பதில் சொல்வார். ஆறு மாதக் குழந்தை, ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் மூன்று பேர் பேசுகிற பேச்சில் அதற்கு ஓர் இடம் போட்டாயிற்று.

பாட்டி கேள்வி கேட்டபின் விட்ட அந்த இடைவெளியைக் கவனியுங்கள். இனி உன் முறை என்று பிள்ளைக்கு அதில்தான் தெரியவருகிறது.

பப்புவா நியூகினியில் கலூலி என்ற மக்கள் இருக்கிறார்கள். பாம்பி ஷீஃபெலின் என்ற மானுடவியலாளர் 1970களில் அவர்களோடு தங்கி, பிள்ளைகளுக்குப் பேச்சு வருகிற விதத்தைப் பதிவு செய்தார். அங்கே கைக்குழந்தையின் முகத்தைப் பார்த்துக் கொஞ்சிக் கொஞ்சிப் பேசுகிற வழக்கம் கிடையாது. தாய் குழந்தையை வெளிப்பக்கம் பார்க்கப் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தி அதற்காகத் தானே பேசுவாள். பிள்ளைக்குப் பேச்சு வரத் தொடங்கியதும், இன்னாரிடம் இப்படிச் சொல் என்று எடுத்துக் கொடுப்பாள். “மாமாவுக்கு வணக்கம் சொல்லு, எப்ப வந்தீங்கன்னு கேளு” என்று நம் வீட்டில் சொல்வதேதான். இதைப் படித்தபோது எனக்கு என் பாட்டி ஞாபகம்தான் வந்தது. அவர் பள்ளிக்கூடமே பார்த்ததில்லை.

கொட்டகையில் ஒரு தெலுங்கு வீட்டுப் பிள்ளையும் இருந்தான். வீட்டில் தெலுங்கு, கொட்டகையில் தமிழ், ஒட்டுக்கடை என்ற சின்னக் கடையில் சீனரிடம் மலாய். அவன் குழம்பிப்போனதாக யாரும் சொல்லவில்லை. மூன்று மொழி கேட்டால் பேச்சு தாமதமாகும் என்பது ஆதாரமில்லாத பயம். அந்த ஆசிரியை நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் சொன்னது தவறு. தமிழோடு மலாய் கலந்து பேசுகிறாரே மாமியார் என்ற கவலையும் வேண்டாம். கெடாவில் அப்படிப் பேசாத வீடு எது?

கைப்பேசிக்கு வருகிறேன். அமெரிக்காவில் சியாட்டில் நகரில் பட்ரீசியா கூல் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்து 2003-ல் வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசுகிற வீட்டு ஒன்பது மாதக் குழந்தைகள். மாண்டரின் பேசுகிறவர்கள் அவர்கள் எதிரே உட்கார்ந்து, படப் புத்தகம் படித்துக் காட்டி, பொம்மை வைத்து விளையாடினார்கள். மொத்தம் 12 தடவை. இன்னொரு கூட்டத்துக் குழந்தைகளுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில். நேரில் கேட்ட குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்து அறிந்தன. திரையில் பார்த்த குழந்தைகளோ மாண்டரினே கேட்டிராத குழந்தைகளைப் போலத்தான் இருந்தன. திரை இந்தப் பிள்ளைக்காக நிறுத்தாது. அவன் கை காட்டும் பக்கம் திரும்பாது. உங்கள் மாமியார் திரும்புவார். அவரைச் சும்மா உட்கார வைத்துவிட்டு, அவருடைய வேலையை ஒரு கைப்பேசியிடம் கொடுத்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984-ல் வெளியிட்ட ஆய்வு இது. ஆங்கிலம் கேட்டு வளரும் குழந்தைகளுக்கு இந்தியின் ட, த ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். நம் கட்டியிலும் கத்தியிலும் வருகிற ஒலிகளைப் போன்றவைதான். ஆங்கிலம் மட்டும் தெரிந்த பெரியவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். ஆனால் ஆறேழு மாதக் குழந்தைகள் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தன. அதே ஆங்கில வீட்டுக் குழந்தைகளுக்குப் பத்து, பன்னிரண்டு மாதம் ஆவதற்குள் அது பெரும்பாலும் போய்விட்டது. தன்னைச் சுற்றிக் கேட்காத வித்தியாசத்தை ஒரு வயதுக்குள் காது விட்டுவிடுகிறது. உங்கள் மகனுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. அவன் முதல் பிறந்தநாளுக்கு முன்பே தமிழின் ஒலிகளைத் தரம் பிரித்து வைத்தவன். யாரிடம் கேட்டு? நீங்கள் வேலைக்குப் போனபின் பகலெல்லாம் அவனைத் தூக்கிச் சுமந்து பேசிக்கொண்டிருந்தவரிடம் கேட்டுத்தான். அவருடைய பேச்சைத்தான் மூன்று மாதமாக நிறுத்திவைத்திருக்கிறீர்கள். பிள்ளையின் பேச்சு குறைந்ததற்கு வேறு காரணமும் இருக்கலாம், அதற்குத்தான் டாக்டர். ஆனால் வீட்டில் பாதிப் பேச்சை நீங்களே எடுத்துவிட்டு, பிள்ளை ஏன் பேசவில்லை என்று கேட்பது எப்படி நியாயம்?

ஆங்கிலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கடிதத்தை நல்ல தமிழில் எழுதியிருக்கிறீர்கள். ஆங்கிலமும் உங்களுக்கு இதேபோல் சரளமாக வருமென்றால் தாராளமாகப் பேசுங்கள். ஆனால் நான் பார்த்த வீடுகளில் பாலர் பள்ளிக்காகப் பேசுகிற ஆங்கிலம் ‘கம்’, ‘சிட்’, ‘டோன்ட் டச்’, ‘குவிக், ஈட்’ என்பதோடு நின்றுவிடுகிறது. எல்லாம் கட்டளை. அந்த மொழியில் ஒரு கதை வராது, ஊர் வம்பு வராது, காக்காவோடு சண்டை போட வராது. பிள்ளைக்கு வேண்டியது அதெல்லாம்தான். ஏழு வயதில் பள்ளிக்கூடம் போனால் மலாயும் ஆங்கிலமும் அங்கே இருக்கின்றன. வீட்டில் உங்களுக்குத் தாராளமாக வருகிற மொழியில் பேசுங்கள்.

திருத்தலாமா என்று கேட்டீர்கள். என் பேத்தி மூன்று வயதில் ஓடி வந்து, “தாத்தா, நான் தண்ணில கல்லு போடுனேன்” என்றாள். அவள் அம்மா உடனே, “போட்டேன்னு சொல்லு” என்று அதட்டினாள். நான் என் மகளைத்தான் அதட்டினேன். ஓடு, ஓடுனேன். ஆடு, ஆடுனேன். பாடு, பாடுனேன். அப்படியென்றால் போடு? போடுனேன்தானே! எங்கள் வீட்டில் எவரும் ‘போடுனேன்’ என்று சொன்னதில்லை. கேட்டதை ஒப்பிக்கிற பிள்ளைக்கு இது வரவே வராது. தமிழ் வினை எப்படி நடக்கிறது என்று அவளே கண்டுபிடித்து, இன்னொரு வினையில் போட்டுப் பார்க்கிறாள். ஜீன் பெர்கோ என்பவர் 1958-ல் ஆங்கிலப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார். இல்லாத ஒரு பிராணியை வரைந்து அதற்கு ‘வக்’ என்று பெயர் வைத்தார். இரண்டு இருந்தால் என்ன சொல்வாய் என்று கேட்டதும், வாழ்நாளில் அந்தச் சொல்லைக் கேட்டிராத பிள்ளைகள் ‘வக்ஸ்’ என்றார்கள். உங்கள் மகன் இந்த மாதிரித் தப்புச் செய்கிற நாள் வந்தால் சந்தோஷப்படுங்கள். “அப்படியா, கல்லு போட்டியா? டொபுக்குன்னு விழுந்துச்சா?” என்று பேச்சைத் தள்ளிக்கொண்டு போங்கள். சரியான சொல் அதிலேயே அவன் காதில் விழுந்துவிடும். அதட்டினால் அடுத்த தடவை கல் போட்ட கதையைச் சொல்ல வரமாட்டான்.

இப்போது அந்த ரப்பர் தோட்டமும் இல்லை, கொட்டகையும் இல்லை. செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்து சேர்ந்தார்கள். பத்துப் பிள்ளைகளுக்கு நடுவில் கிடந்து சண்டை போட்டே பேசக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு உங்கள் மகனுக்கு இல்லை. இருப்பது ஒரு பாட்டிதான். அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது எனக்கு.

மாமியாரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். கணவரை விட்டுச் சொல்லவைக்காதீர்கள். அவரும் கூட இருக்கட்டும். “நாங்க சொன்னது தப்பு அத்தை, நீங்க எப்பவும்போல பேசுங்க” என்று சொல்லுங்கள். அவர் உடனே பழையபடி ஆகிவிட மாட்டார். சொந்தப் பேரனிடம் பேசாதே என்று கேட்ட மனசு அது, கொஞ்ச நாள் தயங்கும். நீங்களே தொடங்கி வையுங்கள். வெங்காயம் உரிக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து அவரையும் கூப்பிடுங்கள். சனிக்கிழமை பாசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) மூன்று பேருமாகப் போங்கள், அவர் மீன்காரரிடம் விலை பேசுவதை அவன் கேட்கட்டும். பிள்ளை ஏதாவது சொன்னால் காத்திருங்கள், அவசரப்பட்டு நீங்களே முடிக்காதீர்கள்.

காதுச் சோதனை முடிந்ததும் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.