பழைய ஃபிரிட்ஜ், பழைய போன்: எதை மாற்றலாம், எதை வைத்துக்கொள்ளலாம்?

கேள்வி: எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு 17 வயது. நன்றாகத்தான் ஓடுகிறது. போன் வாங்கி 4 வருடமாகிறது. மதியத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது. பருவநிலை மாற்றத்தை நினைத்தால், மின்சாரம் குறைவாக இழுக்கும் புதியவற்றை வாங்குவது நல்லதா, பழையதையே ஓட்டுவதா? கடைக்குக் கொண்டுபோகத் துணிப்பைகளும் வாங்கலாம் என்றிருக்கிறேன்.

பதில்: இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது. போனை வைத்துக்கொண்டு பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். ஃபிரிட்ஜை முதலில் அளந்து பாருங்கள். அந்த வயதுப் பெட்டியை அநேகமாக மாற்ற வேண்டியிருக்கும்.

ஒரு பொருளால் வெளியாகும் கரியமில வாயுவில் ஒரு பங்கு தயாரிப்பிலேயே வெளியேறிவிடுகிறது. மிச்சம், நாம் பயன்படுத்தும் காலத்தில் மின்சாரம் வழியாக. ஸ்மார்ட்போனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தயாரிப்பிலேயே முடிந்துவிடும். தினமும் சார்ஜ் போட்டாலும் அது இழுப்பது சொற்பம். ஆகவே புது போன் எவ்வளவு சிக்கனமானதாக இருந்தாலும், அதைத் தயாரித்த கணக்கை ஈடுகட்டாது. ஃபிரிட்ஜ் இதற்கு நேர்மாறு. இரவு பகலாக ஓடுவதால் அதன் கணக்கு மின்சாரத்தில்தான் ஏறுகிறது.

எப்படி அளப்பது? பிளக்குக்கும் சுவர் சாக்கெட்டுக்கும் நடுவே செருகும் சிறிய மீட்டர் கிடைக்கிறது. ஒரு வாரம் செருகி வைத்து, அது காட்டும் யூனிட்டை 7ஆல் வகுங்கள். கம்ப்ரஸர் விட்டுவிட்டு ஓடுவதால் ஒரு மணி நேரக் கணக்கை நம்ப முடியாது. அதற்கு முன் கதவு ரப்பரைச் சோதியுங்கள்: ஒரு காகிதத்தை இடையில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது. அதை மாற்றி, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்கக் கம்பிச்சுருளின் தூசியைத் துடைத்து, பிறகு அளந்தால்தான் பெட்டியின் உண்மை நிலை தெரியும்.

நாளுக்கு 2 யூனிட் வருகிறது, அதே கொள்ளளவுள்ள புதியதற்கு 0.8 யூனிட் போதும் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 438 யூனிட் மிச்சம். உலகச் சராசரியில் ஒரு யூனிட்டுக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கரியமில வாயு வெளியாகிறது. ஆக, வருடத்துக்கு 200 கிலோ போல மிச்சமாகும். புது ஃபிரிட்ஜைத் தயாரிக்கச் சில நூறு கிலோ ஆகும் என்பதால், ஓரிரு வருடங்களில் கணக்கு நேராகிவிடும். உங்கள் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வந்தால் இன்னும் சீக்கிரம். பழையதே 1 யூனிட்டை ஒட்டி நின்றால் மாற்ற அவசரமில்லை.

மாற்றுவதென்றால், நான் அதிகம் கவலைப்படுவது பழைய பெட்டிக்குள் இருக்கும் குளிரூட்டும் வாயுவைப் பற்றி. கம்ப்ரஸர் அருகே ஒட்டியுள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆர்-134ஏ என்றிருந்தால், 100 வருடக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 1,430 மடங்கு வெப்பமேற்றக்கூடியது. வெறும் 100 கிராம் காற்றில் கலந்தாலே 143 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். பழைய இரும்புக்குப் போட்டால் முதலில் குழாயைத்தான் வெட்டுவார்கள். முதல் வருட மிச்சத்தில் பெரும்பகுதி அந்த நிமிடமே போய்விடும். இந்த வகை வாயுக்களைக் குறைக்கத்தான் 2016இல் ருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் நாடுகள் உடன்பட்டன. எனவே வாயுவை உறிஞ்சி எடுக்கும் வசதியுள்ள மின்கழிவு மையத்திடம் மட்டும் கொடுங்கள். புதியதில் ஆர்-600ஏ இருக்கிறதா என்று பாருங்கள். அதன் வெப்பமேற்றும் திறன் மிகமிகக் குறைவு. எளிதில் தீப்பற்றும் என்பதால், பழுதுபார்க்கத் தெரிந்தவரையே கூப்பிட வேண்டும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். "ஓடுகிறதே, தண்ணீர் பாட்டிலுக்கு ஆகும்" என்று பழையதை இன்னொரு அறையில் வைத்து ஓட்டாதீர்கள். செலவு குறையாது, கூடும்.

போனுக்கு வருவோம். பேட்டரி தேய்வது இயல்பு, அது போனின் ஆயுள் முடிந்ததற்கு அடையாளமில்லை. பாதுகாப்பு அப்டேட் வரும்வரை தயங்காமல் வைத்திருங்கள். வடிவமைப்பாளர்கள் பேட்டரியைப் பசைபோட்டு ஒட்டியதால்தான் இவ்வளவு போன்கள் அல்பாயுசில் குப்பைக்குப் போகின்றன. அதே இடத்தில் நான்கு ஸ்க்ரூ இருந்திருந்தால் கதையே வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூனிலிருந்து இதற்கு விதி போட்டிருக்கிறது: 800 முறை முழுதாகச் சார்ஜ் ஆன பிறகும் பேட்டரியில் 80 சதவீதத் திறன் மிஞ்ச வேண்டும், மாடல் விற்பனை நின்ற பிறகும் 7 வருடம் உதிரிபாகம் கிடைக்க வேண்டும். அடுத்த போன் வாங்கும் நாளில் கேமராவை விசாரிப்பதற்கு முன் இந்த இரண்டையும் கடைக்காரரிடம் விசாரியுங்கள்.

துணிப்பை புதிதாக வாங்க வேண்டாம். டென்மார்க் சுற்றுச்சூழல் துறையின் 2018 ஆய்வுப்படி, பருவநிலையை மட்டும் கணக்கில் கொண்டாலே, ஒரு சாதாரணப் பருத்திப்பையை 52 தடவையாவது பயன்படுத்தினால்தான் அது பிளாஸ்டிக் பைக்குச் சமமாகும். வீட்டில் எந்தப் பை இருக்கிறதோ, பிளாஸ்டிக்காக இருந்தாலும் சரி, அதைக் கிழியும்வரை கொண்டுபோங்கள்.