இரண்டு முறை எழுதிக் கொடுத்தவர்

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் நான், வயது 57. மாவட்டக் கல்வி அலுவலர் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வந்திருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து கிருஷ்ணகிரிப் பக்கம் போடுவார்கள் போலிருக்கிறது. பள்ளியைப் பிரியவும் மனமில்லை, பதவியை விடவும் மனமில்லை. அம்மா படுத்த படுக்கை. காலை ஐந்தரைக்கு இன்சுலின் போட வேண்டும். முதுகலை ஆசிரியையான என் மனைவி, அம்மாவுக்காக இரண்டு முறை தலைமையாசிரியர் பதவி உயர்வு வேண்டாமென்று உரிமைவிடல் கடிதம் எழுதிக் கொடுத்தவர். அதனால் வீட்டைப் பற்றிக் கவலையில்லை. போகலாமா?

பதில்: சார், நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். மூன்று பக்கம் முன்னுரிமைப் பட்டியல், முதன்மைக் கல்வி அலுவலர் ஆகும் வாய்ப்பு, நேரடித் தேர்வில் வரும் இளைஞர்களின் கீழே வேலை பார்க்க நேருமோ என்ற மனக்குறை. மனைவிக்கு ஒரே ஒரு வாக்கியம்.

வேலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? 2022-ல் தொடக்கக் கல்வி, இடைநிலை, தனியார் பள்ளிகள் என்று இந்தப் பதவியைப் பிரித்தார்கள். எந்த நாற்காலி கிடைத்தாலும் ஜீப், கோப்பு, ஆய்வுக் கூட்டம், வழக்குக்குப் பதில் மனு. அறுபதில் ஓய்வு. இருப்பது மூன்று வருடம், அதில் ஒன்று ஊர் பழகவே போய்விடும். அது உங்கள் கணக்கு, விடுங்கள்.

எனக்கு உறுத்துவது அந்த "அதனால்". அவர் இரண்டு முறை விட்டுக்கொடுத்தார், அதனால் உங்களுக்குக் கவலையில்லை. இது என்ன கணக்கு சார்? படுக்கையில் இருப்பது உங்களைப் பெற்றவர். மருமகள் செய்வது பெரிய மனசு. மகன் செய்ய வேண்டியது கடமை. இந்த இரண்டையும் நம் வீடுகளில் எத்தனை ஆண்கள் சௌகரியமாக மாற்றி வைத்துக்கொள்கிறார்கள் என்று இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களைப் படித்தால் தெரியும்.

ஒன்று கேட்கிறேன். காலை ஐந்தரைக்கு எத்தனை யூனிட்? எட்டா, பன்னிரண்டா? ஊசி தொடையிலா, வயிற்றிலா? நேற்று எங்கே போட்டார்கள்? மனைவியைக் கேட்காமல் பதில் சொல்ல முடிந்தால் இந்தத் திட்டையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அந்த ஒரே வாக்கியத்தில் மனைவி உங்களைவிட மூன்று வயது இளையவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அடுத்த பட்டியலில் அவர் பெயர் மறுபடி வரக்கூடும். எந்த ஊரில் போட்டாலும் போக ஆசையா என்று கேளுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்து "எனக்கெதுக்குங்க இனிமே" என்பார். உடனே நம்பிவிடாதீர்கள். ஒரு வாரம் ஐந்தரை மணி ஊசியை நீங்கள் போட்டுவிட்டு, அப்புறம் மறுபடி கேளுங்கள்.

ஆசை என்றால் உங்கள் பதவி உயர்வை விட்டுவிடுங்கள். உரிமைவிடல் கடிதத்தில் என்ன காரணம் எழுதுவது என்று குழம்ப வேண்டாம். இரண்டு முறை எழுதியவர் வீட்டிலேயே இருக்கிறார், சொல்லித் தருவார்.