சிப்பிப் பெட்டியில் வார்ப்புத் துண்டுகள்: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: பென்னாகரத்தில் வீட்டிலிருந்தபடியே வாசல் தோரணங்களும் கண்ணாடிச் சட்டங்களும் செய்து விற்று வருகிறேன். ‘கடற்கரையில் சேகரித்த இயற்கைச் சிப்பி, சோழி, பவளத் துண்டுகள்’ என்ற விளம்பரத்தை நம்பி, இணையத்தில் 1,450 ரூபாய்க்கு ஒரு பெட்டி வாங்கினேன். அதில் பாதி வார்ப்புப் பொருள் போலத் தெரிகிறது. மீதியில் நாற்றம் தாங்க முடியவில்லை. விற்பனையாளரோ, திரும்பப் பெறுவதில்லை என்றும், தொழிலுக்கு வாங்கிய நான் நுகர்வோரே அல்ல என்றும் சொல்கிறார். நான் என்ன செய்யலாம்?

பதில்: அவர் சொல்லும் இரண்டையும் நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. வணிக நோக்கத்திற்காகப் பொருள் வாங்குபவரை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை என்பது உண்மைதான். ஆனால், சுயதொழில் மூலம் தம் பிழைப்பை நடத்துவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கத்தில் சேர்க்கக் கூடாது என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்பது 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதி.

முதலில் சான்றுகளைத் திரட்டுங்கள். விளம்பரப் பக்கத்தையும் பற்றுச்சீட்டையும் படமெடுத்து வையுங்கள். ஒரே அச்சில் வார்த்தது போன்ற துண்டுகளையும், அவற்றின் ஓரத்தில் ஓடும் அச்சுக்கோட்டையும் அருகிலிருந்து படமெடுங்கள். சிப்பி ஓடு சுண்ணாம்புப் பொருள் என்பதால் வினிகர் பட்டால் நுரைக்கும், நெகிழி நுரைக்காது. ஆனால் பளிங்குத் தூள் கலந்த வார்ப்பும் நுரைக்கக்கூடும் என்பதால், அச்சுக்கோடே வலுவான அடையாளம்.

பின்னர் அந்த இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததை உறுதிப்படுத்தி, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அங்கு பயனில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதன் பிறகும் தீராவிட்டால், விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை; வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது அந்தப் பவளத் துண்டுகள்தான். பவளப்பாறை உயிரிகள் வனஉயிர் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் இருப்பதால், கடல் தானே ஒதுக்கிய இறந்த துண்டாக இருந்தாலும் அதை எடுத்து விற்பது குற்றம். தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை. அத்துடன் குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. கடல் விசிறி, கடற்குதிரை ஆகியவற்றுக்கும் பாதுகாப்பு உண்டு. சில சங்கு, சோழி வகைகளுக்கும் அப்படியே. ஆகவே உங்கள் பெட்டியில் இருப்பவை உண்மையான பவளமாகத் தோன்றினால், அவற்றைத் தோரணத்தில் கோக்கவோ அஞ்சலில் திருப்பி அனுப்பவோ வேண்டாம். வாங்கிய விவரத்தை எழுதி, தாமதிக்காமல் வன அலுவலகத்தில் ஒப்படைத்து, அதற்கான ஒப்புகையைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

வழக்கு முடியும் வரை பெட்டியில் உள்ள எதையும் சுத்தம் செய்யாதீர்கள். அந்த நாற்றமும் ஒரு சான்றுதான். இனி வாங்கும் சிப்பிகளில் நாற்றம் இருந்தால், அது உள்ளே ஒட்டியிருக்கும் சதையால் வருவது. நல்ல நீரில் ஊறவைத்து, அந்த நீரை அடிக்கடி மாற்றி, சற்று நேரம் கொதிக்கவைத்துச் சுரண்டி எடுத்து, வெயிலில் உலர்த்தினால் போதும். வினிகரில் ஊறவைத்தால் ஓட்டின் மேற்பரப்பு அரித்துவிடும். வினிகரை ப்ளீச்சிங் கரைசலோடு கலந்தால் நச்சு வாயு உண்டாகும். நம் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீர் உலர்ந்ததும் வெண்படலம் விடுவதால், கடைசி அலசலுக்கு ஒகேனக்கல் குடிநீரையோ மழைநீரையோ பயன்படுத்துங்கள்.

அடுத்த முறை, உணவுக்காகப் பிடித்த மட்டி, ஆளி போன்றவற்றின் ஓடுகளைக் கேட்டு வாங்குங்கள். வகையின் பெயரும் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதும் பற்றுச்சீட்டில் எழுதித் தரப்படுமா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.