30 விநாடியில் நட்சத்திரம் ஏன் கோடாகிறது?

கேள்வி: 18-55 கிட் லென்ஸ் மாட்டிய டிஎஸ்எல்ஆரை ட்ரைபாடில் நிறுத்தி, 30 விநாடி வைத்து வானத்தை எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் நட்சத்திரங்கள் எல்லாம் மங்கலான கோடுகள். டெலஸ்கோப் வாங்கினால் சரியாகிவிடுமா?
- வாசகர், தர்மபுரி

பதில்: வாங்கினால் கோடு இன்னும் நீளும். பூமி சுழல்வதால் வானம் விநாடிக்கு 15 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியை 3,600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு ஆர்க் செகண்ட்) நகர்கிறது. 24 மெகாபிக்சல் கிராப் சென்சாரில் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்), 18 எம்எம்மில், 30 விநாடிக்கு ஏறக்குறைய 10 பிக்சல் இழுப்பு வரும். ஓரியனின் இடுப்புப் பட்டை இருக்கும் வான நடுக்கோட்டில்தான் இவ்வளவு. துருவ நட்சத்திரத்தின் பக்கம் திருப்பினால் அதே 30 விநாடியில் புள்ளி புள்ளியாகவே விழும்.

கோடு விழாமல் எத்தனை விநாடி வைக்கலாம் என்று அறிய, 300-ஐ ஃபோகல் லெங்த்தால் (லென்ஸில் போட்டிருக்கும் எம்எம்) வகுத்து, கிராப் சென்சாருக்காக மறுபடி 1.5-ஆல் வகுங்கள். 18 எம்எம்முக்கு 11 விநாடி, 55-க்கு மூன்றரை, 750 எம்எம் டெலஸ்கோப்புக்குக் கால் விநாடி! வானத்தோடு சேர்ந்து திரும்பும் டிராக்கர் இல்லாமல் அது நிலவுக்குத்தான் ஆகும். 300-க்குப் பதில் 500 என்று சொல்பவர்களும் உண்டு. போன் திரையில் பார்க்க மட்டும் அது போதும்.

மங்கல் வேறு சங்கதி. எல்லாக் கோடுகளும் ஒரே திசையில் நேராக இருந்தால் பூமிச் சுழற்சி. எல்லாமே ஒரே மாதிரி நெளிந்திருந்தால் ட்ரைபாட் ஆட்டம்: 2 விநாடி டைமர் வையுங்கள், லென்ஸின் ஸ்டெபிலைசரை அணையுங்கள். புள்ளிகள் தடித்திருந்தால் ஃபோகஸ். கிட் லென்ஸை முடிவிலி வரை திருகிவிட்டால் போதாது, வளையம் அதையும் தாண்டிப் போகும். மேனுவலுக்கு மாற்றி, சிரியஸ் போன்ற பிரகாசமான நட்சத்திரத்தை லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்குங்கள். மெல்லத் திருகினால் புள்ளி சுருங்கி, பிறகு மறுபடி ஊதும். மிகச் சிறிதான இடத்துக்குத் திரும்பி வந்து வளையத்தில் டேப் ஒட்டுங்கள். அதன்பின் ஜூமைத் தொட்டால் ஃபோகஸ் போச்சு.

11 விநாடிக்குப் படம் இருட்டாகத்தான் வரும். எஃப்/3.5, ஐஎஸ்ஓ 3200, ரா ஃபார்மட் (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலக் கோப்பு) வைத்து 36 படம் எடுத்து, சீக்வேட்டர் என்ற இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள்; படத்தில் பொரிப்பொரியாகத் தெரியும் இரைச்சல் ஆறில் ஒரு பங்காகக் குறையும். கிளம்புமுன் லென்ஸை மூடி அதே ஐஎஸ்ஓ, அதே விநாடியில் 15 படம். ஹாட் பிக்சலை (இருட்டிலும் ஒளிரும் சென்சார் புள்ளி) கழிக்க அவை வேண்டும். வீட்டுக்கு வந்து எடுத்தால் சென்சார் சூடு மாறியிருக்கும், சரியாகக் கழியாது.

கேள்வி: பால்வெளியின் மையத்தை எந்த மாதம் எடுக்கலாம்?
- வாசகர், தேனி

பதில்: மார்ச்சில் அமாவாசையை ஒட்டி, விடியற்காலை நாலரை மணிவாக்கில், தென்கிழக்கில். ஜூனில் நள்ளிரவிலேயே உயரத்தில் நிற்கும், ஆனால் உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவ மேகம் விடாது.